சின்ன லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சக்கைச் (பிடிப்பானைச்) சீக்கிரம் மாற்றுவது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பினாங்கு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணே, வீட்டுல சின்ன லேத் வெச்சிருக்கேன். 80 மில்லிமீட்டர் மூணு ஜா (தாடை) சக், பின்னாடி மூணு எம்6 நட்டு. ஃபிளாஞ்சுக்கும் (ஸ்பிண்டில்ங்கிற சுழலும் தண்டோட முன்தட்டு, சக் உட்காருற இடம்) ஹெட்ஸ்டாக்குக்கும் (ஸ்பிண்டிலைத் தாங்குற பெட்டி) நடுவுல விரல் நுழையல, நட்டு கீழே விழுந்துடுது. காலட் சக் (சின்ன உருண்டைக் கம்பியைப் பிடிக்கிறது) மாத்தவே அலுப்பா இருக்கு. கேம்லாக் (கேமைத் திருப்பினா சக்கைப் பூட்டிக்கிற அமைப்பு) போடலாமா?"

கேம்லாக் வேண்டாம் தம்பி. அதுல டி1-3ங்கிற சின்ன அளவுக்கே 92 மில்லி விட்டம் வேணும், உங்க ஃபிளாஞ்ச் 80. கேம் வைக்கிற தடிப்பும் அதுல இல்ல. நடுவுல அடாப்டர் தட்டு வெச்சா சக் முன்னாடி தள்ளிப்போகும், வெட்டும்போது அதிரும்.

உங்களுக்குத் தோதானது பயோனெட் வளையம். சக்குல ஸ்டட்டும் (திருகு போட்ட கம்பி) நட்டும் மாட்டினபடியே இருக்கும். நட்டு அப்படியே ஃபிளாஞ்ச் ஓட்டை வழியா பின்னாடி வரும். அங்க சாவித்துவாரம் மாதிரி வெட்டின வளையத்தைத் திருப்பினா நட்டுக்கு அடியில குறுகின பக்கம் வந்துடும். இறுக்கினா முடிஞ்சது. கழட்ட, ஒவ்வொரு நட்டும் ஒரு சுத்து தளர்த்தினா போதும்.

இதுல எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. எம்6 நட்டு மூலைக்கு மூலை 11 மில்லி வரும், அதனால 12 மில்லி ஓட்டை போடலாம்னு தோணும். போடாதீங்க. ஸ்டட் ஓட்டைகள் நிக்கிற போல்ட் வட்டம் 66, சக்கை நடுவுல உட்கார வைக்கிற வட்ட மேடான ரெஜிஸ்டர் 55. 66ல பாதி 33, அதுல ஓட்டையோட பாதி 6 கழிச்சா 27, ரெஜிஸ்டரோ 27.5ல நிக்குது. ஓட்டை அதைக் கடிச்சிடும். வெளிப்பக்கம் ஒரு மில்லிதான் மிஞ்சும். அதனால நட்டை 10 மில்லி உருண்டையா கடைஞ்சு, 9 மில்லி ஸ்பேனருக்கு ரெண்டு பக்கம் தட்டையாக்குங்க. ஓட்டை 10.5. வளையத்துல குறுகின பள்ளம் 6.5, திருப்பம் 16, 17 டிகிரி, தடிப்பு 5 மில்லி. அளவெல்லாம் வெட்டுறதுக்கு முன்னாடி உங்க மெஷின்ல சரிபாருங்க.

வளையம் எப்படி உள்ள போகும்? ஃபிளாஞ்சைத் தாண்டிப் போகாது. ஒண்ணு, ரெண்டு பாதியா வெட்டி ஸ்குரூல சேர்க்கணும். இல்லன்னா ஸ்பிண்டில் பேரிங்கை (6206லிருந்து 7206ஆ) மாத்தும்போது ஸ்பிண்டிலை எப்படியும் கழட்டுவீங்க, அப்ப கோர்த்துடுங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். ஓட்டையையும் அப்பவே போட்டா இரும்புத்தூள் பேரிங்குக்குள்ள போகாது.

ஓட்டை பெரிசானதும் ஸ்டட் அதுல தொடாது, உராய்வு மட்டும்தான் சக்கைச் சுத்தும். ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல ஃபிளாஞ்சுல ஒரு 5 மில்லி பின் அடிங்க. சக்குல அதுக்கு 5.3 ஓட்டை, இறுக்கமா வேண்டாம். சக்கை நடுவுல உட்கார வைக்கிறது ரெஜிஸ்டர், பின் இல்ல.

ரெஜிஸ்டர் பத்தி இன்னொண்ணும் சொல்றேன். சக்கும் ஃபிளாஞ்சும் தொடுற முகத்தைத் துடைக்காம மாட்டாதீங்க. 66 மில்லி வட்டத்துல ஒரு பக்கம் 0.02 மில்லி தூள் மாட்டினா, 100 மில்லி தள்ளி அச்சு சுமார் 0.03 விலகும். சுத்தும்போது விலகலை அளக்கிற டயல் அதை ரெட்டிப்பா 0.06னு காட்டும். அப்புறம் சக்கைத் திட்டுவோம். பினாங்குக் கடல் காத்துல முகம் துருவும் பிடிக்கும், கழட்டி வெக்கிற சக்குக்கு எண்ணெய் தடவுங்க, மாட்டும்போது அந்த எண்ணெயையும் துடைங்க.

மைஃபோர்டு லேத் மாதிரி, சக்கைத் திருகி மாட்டுற ஸ்பிண்டில் வெச்சிருக்கிறவங்க இதெல்லாம் செய்ய வேண்டாம், உங்களுக்கு மாத்துறது ஏற்கனவே சுலபம். ஆனா வேகமா ரிவர்ஸ் போட்டா சக் கழண்டு வரும்.

தம்பி, "எவ்வளவு சீக்கிரம் மாத்தலாம்"னு கேட்டதைவிட, "கழட்டினது அதே இடத்துல திரும்ப உட்காருமா"ன்னு கேட்டிருக்கலாம். பயோனெட்டோட பலனே அங்கதான். உதாரணமா, வெளித்திருகு வெட்டிட்டு இருக்கீங்க, அந்தத் திருகு பெரிய ஹவுசிங்குல (உறைப் பாகத்துல) ஏறுதான்னு பார்க்கணும். வெட்டுற பொருளை ஜாவிலிருந்து எடுத்தா கதை முடிஞ்சது. சக்கோட சேர்த்துக் கழட்டுங்க, ஏத்திப் பாருங்க, முகத்தைத் துடைச்சு அந்தப் பின்னுலயே திரும்ப மாட்டுங்க. நட்டை ஒரே மூச்சுல இறுக்காதீங்க, மூணையும் மாத்தி மாத்தி ரெண்டு சுற்றுல இறுக்குங்க. டயல் வெச்சு ஒருமுறை பார்த்துட்டு விட்ட இடத்துல தொடரலாம்.