மாமாவும் கூட வரட்டும்

நடுவர் அவர்களே, வணக்கம். 'மேஜிக் பழகும் பிள்ளைக்குக் கைகொடுப்பது மாமாவோடு போகும் மாநாடா, வீட்டில் பார்க்கும் காணொளியா?' இதுதான் தலைப்பு. நான் வித்தைக்காரர்கள் கூடும் மாநாட்டின் பக்கம். "காணொளியை நூறு தடவை நிறுத்திப் பார்க்கலாம், மாநாட்டில் ஒரு தடவைதான்" என்றார் எதிரணி நண்பர். நூறு தடவையும் அதே கோணம்தானே ஐயா!

காசை மாயமாக்கிக் காட்ட, பிரெஞ்சு டிராப் என்று ஒரு பாலபாடம். இடது உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரலுக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவே ஒரு காசை விளிம்பில் பிடிக்கிறோம். வலது கை அதை எடுக்க வருகிறது: கட்டைவிரல் காசுக்கு அடியில், மற்ற விரல்கள் மேலே. அவை காசை மறைத்ததுமே இடது கட்டைவிரலைத் தளர்த்தினால் காசு அந்தக் கையிலேயே விழுந்துவிடும். வலது கை வெறுமனே மூடிக்கொண்டு விலகும்.

இது எங்கே கெடுகிறது? பழகாத பிள்ளை காசு கிடக்கும் கையையே பார்க்கும். நம் கண் போகும் இடத்துக்குத்தான் பார்ப்பவர் கண்ணும் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். காணொளியில் கேமரா நேர் எதிரே, கை மட்டத்தில் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு எதிரே நிற்பவர்களோ பெரியவர்கள், மேலிருந்து குனிகிறார்கள். தாம்பாளத்தில் வைத்த வெற்றிலை மாதிரி காசு அவர்களுக்குப் பளிச்சென்று தெரியும். கையை மார்புக்கு மேலே தூக்கி, விரல் நுனிகளைக் கொஞ்சம் நிமிர்த்தி, விரல்களின் பின்பக்கம் அவர்களை நோக்கும்படி வைத்தால் மறையும். "தெரியுதுடா, இன்னும் தூக்கு" என்று சொல்ல நெட்டையாக ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் மாமா.

அமெரிக்காவின் மிச்சிகனில் கோலன் என்ற சிற்றூர். ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். புகழ்பெற்ற மேடை வித்தைக்காரர் ஹாரி பிளாக்ஸ்டோன் 1920களில் அங்கே குடியேறினார். அவரோடு கூட்டுத்தொழில் செய்து பிரிந்த ஆஸ்திரேலியர் பெர்சி அபாட் தொடங்கிய மேஜிக் சாமான் கம்பெனிதான் 1934 முதல் அங்கே மாநாடு கூட்டிவருகிறது. நடப்பது ஆகஸ்டில். ஊர் சிறியது என்பதே வசதி. மேடையில் பார்த்தவர் காலையில் தெருவில் எதிர்ப்படுவார். காசை நீட்டிக் கேட்கலாம். காணொளியிடம் எதை நீட்டுவது?

"மாநாட்டுக்குப் போனால் பணம் கரையும்" என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன், அங்கே மேஜிக் சாமான் விற்கும் கூடம் பர்ஸுக்கு ஆபத்துதான். மேஜைக்குப் பின்னால் நிற்பவர் அந்த வித்தையை ஆயிரம் தடவை செய்தவர், அவர் கையில் எல்லாமே சுலபம். ஆனால் அங்கே கேள்வி கேட்கலாம். சுற்றி ஆள் நின்றால் செய்ய முடியுமா? முடிந்ததும் மறுபடி தயார்செய்ய எவ்வளவு நேரம்? சின்னக் கைக்கு அடங்குமா? அங்குள்ள வித்தைக்காரர்கள் விரும்பும் அரை டாலர் காசின் விட்டம் 30.6 மி.மீ., கால் டாலர் 24.3 மி.மீ. பிள்ளை கால் டாலரில் தொடங்கட்டும். பெரிய காசைச் சின்னக் கைக்குள் ஒளித்தால் விரல்கள் விறைக்கும், கை தானாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதில் மழுப்பலாக இருந்தால் மாமா பர்ஸை மூடிவிடலாம். பிள்ளை முகம் தொங்கும்தான். அந்தப் பணத்தில் நல்ல சீட்டுக்கட்டு இரண்டு வாங்கிக் கொடுங்கள், ஊர் திரும்பும் வண்டியிலேயே கலைத்துப் பழக ஆரம்பித்துவிடும்.