இழுத்து மூடின ஸ்கூல், அதே இடத்துல நிக்கிற ஸ்கூல்: ஹாக்னி டவுன்ஸ் வ்லாக்

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொஞ்சம் சூடாதான் இருக்கேன். போன வீடியோல கிழக்கு லண்டன் வீட்டு வாடகை பத்திப் பேசினேன்ல, அதுக்குக் கீழ திரும்பத் திரும்ப ஒரே கமெண்ட். "அண்ணா ஹாக்னி பக்கம் போயிடாதீங்க, அங்க ஸ்கூல்ல புள்ளைங்க கெட்டுப் போயிடும், கிராமர் ஸ்கூல் இருக்கற ஏரியாவா பாருங்க." கிராமர் ஸ்கூல்னா பரீட்சை வச்சு புள்ளைங்களைப் பொறுக்கி எடுக்கற அரசு ஸ்கூல். எனக்கு இந்தப் பேச்சு அறவே பிடிக்காது, பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அதான் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல வீவர் லைன் ரயில் ஏறி நேரா ஹாக்னி டவுன்ஸ்ல வந்து இறங்கிட்டேன்.

இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் ரயில் லைன் பிரிஞ்சு போகுது, மூணாவது பக்கம் பெரிய பார்க், நடுவுல முக்கோணமா ஒரு இடம். இந்த இடத்துல 1876ல ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சது யார் தெரியுமா, க்ரோசர்ஸ் கம்பெனி, அதாவது லண்டன் சிட்டியோட பழைய வியாபாரிகள் சங்கம், அவங்க ஆதியில மிளகு வியாபாரிங்க. நம்ம பக்கத்து மலபார்ல இருந்து கை மாறி கை மாறி வந்த மிளகு! இந்த ஸ்கூல்ல படிச்ச பழைய பசங்க சங்கத்துக்குப் பேரே க்ளோவ் க்ளப், கிராம்பு சங்கம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

1906ல ஸ்கூல் லண்டன் கவுண்டி கவுன்சில் கைக்கு வந்துச்சு, அப்புறம் ஹாக்னி டவுன்ஸ் ஸ்கூல்னு பேரு. பசங்க மட்டும் படிக்கற கிராமர் ஸ்கூல். சுத்துவட்டாரத்துல இருந்த யூதக் குடும்பத்துப் பசங்க நிறைய பேர் படிச்சாங்க. அதுல ஒரு டெய்லரோட மகன்தான் பின்னாடி பெரிய நாடக ஆசிரியர் ஆன ஹரால்ட் பின்டர். ஜோ ப்ரியர்லின்னு ஒரு இங்கிலீஷ் வாத்தியார், அவர்தான் பின்டரை 1947ல மேக்பெத்தா மேடை ஏத்தினார், அடுத்த வருஷம் ரோமியோ. சினிமா நடிகர் மைக்கேல் கெய்ன் கூட கொஞ்ச நாள் இங்க படிச்சவர்தான்.

இப்ப இதைக் காட்டியே ஆகணும், ரெண்டு வாரமா யார்கிட்டயாவது காட்டணும்னு துடிச்சிட்டிருக்கேன். பழைய சாமான் சந்தைல கிடைச்சுது, சுருட்டி வச்ச நீள போட்டோ, மொத்த ஸ்கூலும் ஒரே ஃப்ரேம்ல, ஐம்பதுகள்ல எடுத்தது. கடைக்காரர் 40 பவுண்டு சொன்னார். நான் 15ன்னேன். அவர் சிரிச்சுட்டு 35ன்னார். நான் போட்டோவைக் கீழ வச்சுட்டு பக்கத்துல இருந்த ஒரு டீ கெட்டிலை எடுத்துப் பாத்துட்டு நின்னேன், வேணும்னேதான், எங்க அம்மா ரங்கநாதன் தெருவுல பண்ற டெக்னிக் இது. 30. மூலை கிழிஞ்சிருக்கு பாருங்கன்னு காட்டினேன். 25. கையில இருந்த சில்லறை எல்லாம் கொட்டி எண்ணி 22க்கு முடிச்சேன் மக்களே, 22 பவுண்டு! நடுவுல வாத்தியாருங்க கருப்பு கவுன்ல சேர்ல உக்காந்திருக்காங்க, முன்னாடி வரிசைல சின்னப் பசங்க தரையில சம்மணம் போட்டு, அதுல மூணாவது பையனுக்கு ஒரு சாக்ஸ் மட்டும் கணுக்கால் வரைக்கும் இறங்கிக் கிடக்கு. இதோ இந்தப் பையன் தலையை ஆட்டிட்டான், மூஞ்சியே கலைஞ்சு போயிருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அப்போ 11 வயசுல ஒரே ஒரு பரீட்சை, லெவன் ப்ளஸ். பாஸ் பண்ணா கிராமர், இல்லன்னா பெரும்பாலும் செகண்டரி மாடர்ன், அதாவது பாஸ் ஆகாத புள்ளைங்களுக்கான ஸ்கூல். 11 வயசுப் புள்ளையோட தலையெழுத்தை ஒரு நாள்ல எழுதறது எந்த ஊரு நியாயம்? 1965ல லேபர் அரசாங்கத்துல ஆன்டனி க்ராஸ்லாந்து ஒரு சர்க்குலர் விட்டார், எல்லா புள்ளைங்களும் ஒரே ஸ்கூல்ல படிக்கற மாதிரி காம்ப்ரிஹென்சிவா மாத்தத் திட்டம் போடுங்கன்னு. ஹாக்னி டவுன்ஸ் 1969ல மாறுச்சு. ஐயோ, தீ விபத்தை விட்டுட்டேனே! அதுக்கு முன்னாடியே, 1963ல, பழைய விக்டோரியன் கட்டடம் பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. ஸோ காம்ப்ரிஹென்சிவ் ஆகும்போதே அந்தப் பழைய கட்டடம் இல்ல.

அப்புறம் கரீபியன் குடும்பத்துப் பசங்க, துருக்கிப் பசங்க, ஏரியால வறுமை ஜாஸ்தி, மத்த ஸ்கூல்ல இடம் கிடைக்காதவனும் இங்கதான் வருவான். 1990ல லண்டன் உள்பகுதி ஸ்கூல்களை நடத்திட்டிருந்த இன்னர் லண்டன் எஜுகேஷன் அத்தாரிட்டியையே கலைச்சுட்டாங்க, ஸ்கூல் எல்லாம் ஹாக்னி கவுன்சில் தலைல விழுந்துச்சு, அவங்ககிட்டயே காசு இல்ல. 1995 ஜூலைல அரசாங்கம் ஒரு குழுவை இறக்குச்சு, பேப்பர்காரங்க அதுக்கு வச்ச பேரு "ஹிட் ஸ்க்வாட்". சில மாசத்துல மூடிடுங்கன்னு ரிப்போர்ட். பெத்தவங்க கோர்ட் வரைக்கும் போனாங்க, தோத்துட்டாங்க. டிசம்பர்ல பூட்டு. படிப்பு வருஷத்துக்கு நடுவுல மக்களே! "நாட்டுலயே மோசமான ஸ்கூல்"னு பேப்பர்ல வந்த அந்த முத்திரையை நெத்தியில ஒட்டிட்டு இன்னொரு ஸ்கூலுக்குப் போன பையனை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. பத்து வருஷம் கழிச்சு 2005ல பின்டருக்கு நோபல் பரிசு வந்தப்போ அவர் ஸ்கூல் இல்லவே இல்ல.

ஆனா பாருங்க, 2004 செப்டம்பர்ல அதே முக்கோணத்துல மாஸ்பர்ன் கம்யூனிட்டி அகாடமி திறந்துச்சு. ஆர்க்கிடெக்ட் ரிச்சர்ட் ராஜர்ஸ் ஆபீஸ் டிசைன், வி மாதிரி வளைச்சு ரயில் லைனுக்கு முதுகைக் காட்டி, பார்க்கைப் பாத்து திறந்த கட்டடம், நிறைய மரம் போட்டுக் கட்டினது. முதல் பிரின்சிபல் மைக்கேல் வில்ஷா, பின்னாடி ஸ்கூல்களை இன்ஸ்பெக்‌ஷன் பண்ற ஆஃப்ஸ்டட் அமைப்போட தலைவரே ஆனார். பயங்கர ஸ்ட்ரிக்ட், க்ளாஸ் ஆரம்பிக்கும்போது கவனமா இருப்பேன்னு புள்ளைங்க சேந்து சொல்லணும். அந்த அளவு கண்டிப்பு எனக்குப் பிடிக்கல, அதுக்கு எதிரா லண்டன்ல நிறைய பேர் பேசறாங்க, நியாயம்தான். ஆனா கொஞ்ச வருஷத்துலயே ரிசல்ட்ல நாட்டையே திரும்பிப் பாக்க வச்சாங்க, கேம்பிரிட்ஜ் வரைக்கும் பசங்க போனாங்க. இதே ஹாக்னி புள்ளைங்கதான்! கோடிக்கணக்குல கொட்டிப் புதுக் கட்டடம், புது வாத்தியாருங்க, ஒரே ஒரு ஏழாம் வகுப்போட ஆரம்பிச்சு வருஷா வருஷம் ஏத்திக்கற வசதி. இதுல பாதியைப் பழைய ஸ்கூலுக்குக் குடுத்திருந்தா என்ன? கெட்டது புள்ளைங்க இல்லங்க, கைவிட்டது நாமதான்.

கடைசியா, மாஸ்பர்ன் அட்மிஷனுக்கு டெஸ்ட் இருக்கே, எந்தக் கோச்சிங் சென்டர்னு ஒரு அக்கா கேட்டிருந்தீங்க. அக்கா, அது பாஸ் ஃபெயில் பரீட்சை இல்ல. அந்த மார்க்கை வச்சு புள்ளைங்களை நாலு பேண்டா, அதாவது நாலு பிரிவாப் பிரிச்சு ஒவ்வொரு பேண்ட்லயும் சம அளவு எடுப்பாங்க, மார்க் கம்மியான புள்ளைக்கும் அங்க இடம் இருக்கு. காசைக் கொண்டு போய்க் கொட்டாதீங்க. அக்டோபர் 31க்குள்ள கவுன்சில் ஃபார்மைப் போடுங்க, டெஸ்டுக்குத் தனியாப் பதிவு பண்ணணுமா, எந்தத் தேதிக்குள்ளன்னு ஸ்கூல் சைட்ல இப்பவே பாத்து வச்சுக்கோங்க.