சரீரம் உயிர்த்தெழும் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது ஏன்?

[திரையில்: விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரி]

தேவாலய ஆராதனைகளில் சொல்லப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன் என்ற அறிக்கையோடு முடிகிறது. ஆன்மா அழியாது என்று மட்டும் சொல்லி அது நின்றுவிடவில்லை, சரீரம் என்கிறது. லத்தீன் மூலம் இன்னும் அழுத்தமாக 'மாம்சம்' என்றே சொல்கிறது. சாவுக்குப் பின் ஆன்மா மோட்சத்துக்குப் போய்விடும், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பவர்கள் கிறிஸ்தவர்களிலேயே பலர் உண்டு. வேதாகமம் தரும் நம்பிக்கையில் அது பாதி வழிதான்.

இந்தப் போதனை பிறந்த காலத்திலேயே கேட்பவர்களைத் திகைக்க வைத்தது. பிளேட்டோவின் வழிவந்த சிந்தனைக்கு உடல் ஒரு சிறை, சாவு ஒரு விடுதலை. விடுதலையானவன் மறுபடியும் சிறைக்குத் திரும்ப ஆசைப்படுவானா? ஏதென்ஸில் அப்போஸ்தலராகிய பவுல் பேசியபோது, மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்று கேட்டதுமே சிலர் இகழ்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. யூத மரபிலோ உடல் இறைவன் படைத்து, நல்லது என்று கண்ட ஒன்று. பூமியின் தூளில் நித்திரை பண்ணுகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்று தானியேல் 12-ஆம் அதிகாரம் சொன்னதைப் பரிசேயர் என்ற யூதப் பிரிவினர் ஏற்றார்கள். சதுசேயர் என்ற மற்றொரு பிரிவினர் உயிர்த்தெழுதலையே மறுத்தார்கள். பவுல் பரிசேயராக வளர்ந்தவர்.

[திரையில்: திறந்த கல்லறை]

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெத்தானியாவில் நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசரு எழுந்து வந்தான். ஆனால் அவன் திரும்பி வந்தது பழைய வாழ்வுக்கு, மறுபடியும் ஒருநாள் சாகவேண்டிய உடலுக்கு. இயேசுவின் உயிர்த்தெழுதலைச் சுவிசேஷங்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார், என்னைத் தொட்டுப்பாருங்கள் என்கிறார். அதே சமயம், பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார், உடன் நடந்துவந்தவர்களுக்கே அடையாளம் தெரியாமல் இருக்கிறார். அவர் ஆவியும் அல்லர், முன்பிருந்த நிலைக்கே மீண்டவரும் அல்லர். சாவைக் கடந்து மறுபக்கம் போய்விட்ட உடல் அது.

ஏறத்தாழ 55-ஆம் ஆண்டில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், எப்படிப்பட்ட சரீரத்தோடு எழுந்திருப்பார்கள் என்ற கேள்வியைப் பவுல் நேராகவே எடுத்துக்கொள்கிறார். அவருடைய விடை ஒரு விதை. மண்ணுக்குள் போவது கோதுமை மணி, மேலே வருவது பயிர். இரண்டுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இல்லை, ஆனால் அந்த மணி இல்லாமல் இந்தப் பயிர் இல்லை. இதைத் தொடர்ந்து அவர் எழுதிய 'ஆவிக்குரிய சரீரம்' என்ற தொடரைத்தான் பலரும், உருவமற்ற ஏதோ புகை போன்ற ஒன்று என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காற்றாலை என்கிறோம், அது காற்றால் கட்டிய ஆலை அன்று, காற்று இயக்கும் ஆலை. கிரேக்கத்தில் 'நியூமா' என்ற சொல்லுக்கு ஆவி, காற்று என இரு பொருளும் உண்டு என்பதால் இந்த ஒப்பீடு கூடுதலாகவே பொருந்துகிறது. ஆவிக்குரிய சரீரம் என்பது தேவ ஆவியால் முழுமையாக இயக்கப்படும், இனி அழியாத, உண்மையான உடல்.

சாம்பலாகிப் போன உடலும், கடலில் மீன்களுக்கு இரையான உடலும் எப்படி எழும் என்ற கேள்வியை நம் காலம் கண்டுபிடிக்கவில்லை. 426-ஆம் ஆண்டளவில் முடித்த 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில் கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன் இதைப் பொறுமையாக ஆராய்கிறார். உலோகச் சிலையை உருக்கி மீண்டும் வார்க்கும் சிற்பி, எந்தத் துகள் முன்பு எந்த உறுப்பில் இருந்தது என்று தேடத் தேவையில்லை என்பது அவர் வாதம். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவரால் சிதறியதைச் சேர்க்க முடியாதா என்ற அந்த நம்பிக்கையே, 1886-இல் உடல் தகனத்தைத் தடைசெய்த கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் அதை அனுமதித்தபோதும் பேசியது: தகனம் உயிர்த்தெழுதலுக்குத் தடையாகாது.

சாவுக்கும் உயிர்த்தெழும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறித்துச் சபைகள் ஒரே கருத்தில் இல்லை. ஆன்மா கிறிஸ்துவோடு இருக்கிறது என்பாரும் உண்டு, உறங்குகிறது என்பாரும் உண்டு. கத்தோலிக்கர், ஆன்மா தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். எங்கே இருந்தாலும் அது காத்திருப்பு, முடிவன்று.

[திரையில்: தோமாவின் கை]

என்னை மிகவும் ஆழமாகத் தொடுவது தழும்புகள். உயிர்த்தெழுந்த உடல் குறையற்றது என்றால், ஆணிக்காயங்கள் மறைந்திருக்க வேண்டுமே? அவை மறையவில்லை, சந்தேகப்பட்ட சீஷன் தோமாவின் விரலுக்கு அவற்றையே இயேசு அடையாளமாக நீட்டினார். விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த இரத்தசாட்சிகளின் உடல்களிலும் அவர்கள் பட்ட காயங்களின் சுவடு இருக்கும், ஆனால் அது குறையாக அல்ல, மாண்பாகவே தெரியும் என்று அகுஸ்தீன் எழுதுகிறார். வெட்டுண்ட உறுப்புகள் திரும்பக் கிடைக்கும் என்றும், அன்பினால் தாங்கிய காயத்தின் தடம் மட்டும் அந்த ஒளிபொருந்திய உடலில் நிலைத்திருக்கும் என்றும் அவர் நம்பினார்.