பறக்கிறப்ப ராஜா, தரையில இறங்குனா கூஜா

வாங்க வாங்க மக்களே. குரல் கரகரன்னு இருந்தா கண்டுக்காதீங்க, நேத்து ராத்திரி கத்துன கத்துல தொண்டை கட்டிக்கிச்சு. காலையில தண்ணி பிடிக்கிறப்ப கீழ் வீட்டு அக்கா "ஏண்டா தம்பி, யாரையும் வெட்டிட்டியா"ன்னு கேக்குது. ஆமாக்கா, வெட்டிட்டேன், ஒரே வெட்டு, பிடரியில, ஆளு சாஞ்சிருச்சு!

வெட்டுனது கேம்லதான், அட்டாக் ஆன் டைட்டன் 2. மனுசனைத் தின்னுற ராட்சசங்கதான் டைட்டன், பிடரியில வெட்டுனாத்தான் சாவாங்க, அந்த அனிமேல இருந்து எடுத்த கேம். பழசுதான், 2018ல வந்தது, "இப்ப எதுக்குண்ணே"ன்னு கீழ கமெண்ட் போடுவீங்க, தெரியும். சேல்ல விழாம நான் எதையும் தொடமாட்டேன்னு உங்களுக்கும் தெரியும்ல. பண்ணது ஒமேகா ஃபோர்ஸ், அதான் டைனஸ்டி வாரியர்ஸ் ஆளுங்க, ஒத்த ஆளா நின்னு ஆயிரம் பேரை உழுது தள்ளுற கேம். அதே மாதிரி பட்டனை நசுக்கிட்டே போயிரலாம்னு நெனச்சு உள்ள வந்தீங்கன்னா முதல் டைட்டனே தூக்கி வாயில போட்டுக்கும்.

சைஸ் புரியணும்ல, கதையில டைட்டனுக்குப் பயந்து மனுசங்க உள்ள ஒளிஞ்சிருக்குற சுவரு 50 மீட்டர். நம்ம மதுரை மீனாட்சி கோயில் தெக்கு கோபுரம் ஏறக்குறைய 52, அதாவது 170 அடி. அந்தச் சுவருக்கு மேலயே தலை நீட்டுற கொலோசல் டைட்டன் 60 மீட்டர். தெக்குச் சித்திர வீதியில நின்னு அண்ணாந்து பாக்குறீங்க, கோபுரத்துக்குப் பின்னால இருந்து ஒரு தோல் உரிஞ்ச மண்டை எட்டிப் பாக்குதுன்னு வச்சுக்கோங்க, அம்புட்டுதான், வேற விளக்கம் வேணாம். ஆனா தினமும் நீங்க வெட்டுறது 15 மீட்டருக்குள்ள இருக்குற சில்லறைப் பசங்க.

பறக்குறது இருக்கே, அடடா! இடுப்புல இருந்து கொக்கி போய் சுவத்துல குத்தும், கேஸ் அடிச்சா சர்ருன்னு இழுக்கும், அப்படியே டைட்டன் மேல லாக் பண்ணி கை, காலு, பிடரி எதுன்னு தேர்ந்தெடுத்து, பக்கவாட்டுல ஒரு சுத்து சுத்தி வேகம் ஏத்தி சரியான நேரத்துல அடிக்கணும். நேரம் தப்புனா கத்தி சும்மா உரசிட்டுப் போகும். கத்தி மழுங்கும், கேஸ் தீரும், பாதிச் சண்டையில ரெண்டையும் மாத்தணும். இதைத் தொல்லைன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதுதான் உயிரே, அந்தப் பதட்டம் இல்லைன்னா அப்புறம் என்ன கேமு.

நான் வெட்டுனது சும்மா வெட்டு இல்ல, ஒளிஞ்சு அடிக்கிற வெட்டு. ஒத்தக் கண் குழாய் ஒண்ணு குடுப்பாங்க, அதை வச்சு அசந்து நிக்கிற டைட்டனைக் குறி பாத்துட்டே இருக்கணும், நடுவுல அது பாத்துட்டா போச்சு. இதுல நம்ம கன்ட்ரோலர் கதை வேற. ஐயோ அதைச் சொல்லவே இல்லையே! டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, "புதுசு மாதிரி தம்பி"ன்னாரு, வீட்டுக்கு வந்தா ஆர்1, அதான் வலது பக்கம் மேல இருக்குற பட்டன், அமுக்குனா உள்ள போய் உக்காந்துக்குது, வெளிய வரமாட்டேங்குது. இந்தக் கேம்ல லாக் பண்றதே ஆர்1 தான்! திருப்பிக் குடுக்கப் போனா "கேம்ல ப்ராப்ளம்"ங்குறாரு. பட்டன் உள்ள போய் மாட்டுறதுக்கும் கேமுக்கும் என்னய்யா சம்பந்தம்? கடைசியில நானே ஸ்க்ரூவைக் கழட்டி, காது குடையுற பஞ்சுல ஸ்பிரிட்ட தொட்டுத் துடைச்சா, உள்ள இருந்து யாரோ தின்ன மிக்சர் தூள் வருது மக்களே. மிக்சர்! இப்ப டக் டக்னு அடிக்குது, கேளுங்க, கேக்குதா, இந்தா. அதுக்கப்புறம் விழுந்ததுதான் அந்த ஒரே வெட்டு.

சரி, திட்டுறதுக்கு வருவோம். ஊருக்குள்ள வீடு கட்டடம் இருந்தா ராஜா. வெட்டவெளி மேப்புக்கு அனுப்பிட்டா கொக்கி மாட்ட ஒண்ணுமே இல்ல, குதிரையில லொங்கு லொங்குன்னு போகணும். சண்டைக்கு நடுவுல முகாம்ல எல்லார்கிட்டயும் போய்ப் பேசி நட்பு வளக்கணும், அதுல ஸ்கில் கிடைக்கும், அதனால தவிர்க்கவும் முடியாது. கதையில பெரிய வீரன் லீவாய்கிட்ட பேசுறது ஓகே, மத்தவங்க எல்லாம் கல்யாண வீட்டு விசாரிப்பு. கேமரா சுவரோரம் போனா நம்ம ஆளைத் தவிர எல்லாத்தையும் காட்டும்.

அப்புறம், முக்கியமானதை விட்டுட்டேன், குரல் ஜப்பானீஸ் மட்டும்தான். அது பிரச்சினை இல்ல, அனிமே பாக்குற நமக்கு அதுதான் பிடிக்கும். ஆனா பிடரியைக் குறி வச்சுப் பறக்குறப்ப ஓரத்துல இங்கிலீஷ் எழுத்துல ஒருத்தன் உதவிக்குக் கூப்பிடுறான், நான் வெட்டவா, வாசிக்கவா? வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவனை முழுங்கிருது. கொஞ்ச நேரம் போனா மிஷனும் எல்லாம் ஒண்ணுபோலத்தான், போ, காப்பாத்து, வெட்டு, பெரிய டைட்டனை வெட்டு, முடிஞ்சது.

2016ல வந்த முதல் கேமை வாங்கலாமான்னு போன வீடியோல கேட்டிருந்தீங்க. வேணாம், அந்தக் கதையே இதுல மறுபடி வருது, இதுல நம்மளே ஒரு ஆளை மூஞ்சி முதக்கொண்டு செஞ்சுக்கலாம், நான் செஞ்சவன் மீசையைப் பாத்தீங்கல்ல. 2019ல ஃபைனல் பேட்டில்னு இதோட நீட்டிப்பு ஒண்ணு விட்டாங்க, அதுல வெடிக்கிற ஈட்டி எல்லாம் இருக்கு, அனிமேயோட மூணாவது சீசன் கதை வரைக்கும் போகுது. கை ஊறுது, ஆனா சேல் வராம வாங்குறதா இல்ல. ஆர்1 மறுபடி மாட்டுச்சுன்னா அதைக் கழட்டுறதையே தனி வீடியோவா போடுறேன், மிக்சர் மிச்சம் இருக்கான்னு பாப்போம்.