பத்துப் படம் பொறுக்குவது எப்படி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

"உங்களுக்கு ரொம்பப் பிடித்த பத்துப் படம் எது?" கும்பகோணத்து டீக்கடையிலோ, மன்னார்குடி பஸ்ஸிலோ, கல்யாண வீட்டுத் திண்ணையிலோ இந்தக் கேள்வியைப் போட்டால் போதும், அரை மணி நேரப் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. முதல் மூன்று படம் தயங்காமல் வரும். நாலாவதில் யோசனை தட்டும். ஏழுக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் படத்துக்கெல்லாம் "ஆமாம், அதுவும்தான்" என்று தலையாட்டி எண்ணிக்கையை முடிப்போம். அடுத்த வாரம் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் வேறு பத்து வரும். ரசனை முதிர்ந்து பட்டியல் மாறினால் சந்தோஷம்தான். காலையில் கேட்ட பாட்டால் மாறினால், அந்தப் பட்டியலை நம்ப முடியாது. நாளைக்கும் நின்று பேசக்கூடிய ஒரு பட்டியலை எப்படிப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் 'சிறந்த படங்கள்' என்று எழுத வேண்டாம், 'எனக்குப் பிடித்த படங்கள்' என்று எழுதுங்கள். இந்த இரண்டும் கலக்கிற இடத்தில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. 1948-இல் எஸ். எஸ். வாசன் எடுத்த சந்திரலேகாவின் முரசு நடனத்தைப் பார்த்து வியக்காதவர் இருக்க முடியாது. தமிழ் சினிமா எவ்வளவு பெரிதாகக் கனவு காண முடியும் என்று காட்டிய படம் அது. ஆனாலும் ஒருவர் அதைத் தன் பத்தில் சேர்க்காமல் விடலாம், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. டைம் பத்திரிகை 2005-இல் வெளியிட்ட நூறு படப் பட்டியலில் நாயகன் இருந்தது. நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமைக்காக உங்கள் நோட்டில் அதற்கு ஒரு படி கூடக் கொடுக்காதீர்கள்.

'எல்லாக் காலத்துக்கும்' என்ற வார்த்தையிலும் ஒரு ஓட்டை உண்டு. 1905 வாக்கில் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். காவிரிக் கரையில் படம் பார்க்கும் பழக்கத்துக்கு அவ்வளவு வயது. ஆனால் 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் பிரதி இன்று கிடையாது. அதற்கு முன்பு வந்த மௌனப் படங்களின் கதியும் பெரும்பாலும் அதுதான். எனவே நாம் போடுவது மிஞ்சிய படங்களிலிருந்து, அதிலும் நாம் பார்த்தவற்றிலிருந்து போடும் பட்டியல். இதை மனதில் வைத்தால் வாதத்தில் குரல் தானாகத் தணியும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள், கைபேசியைத் தூர வைத்துவிட்டு, இருபது நிமிடம் நினைவில் வரும் படப் பெயர்களை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் நாள் வீட்டில் கேட்டும், பழைய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியும் விடுபட்டதைச் சேருங்கள். அப்படிச் சேர்த்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு இந்தப் புள்ளி உதவும். நாற்பது படம் தேறினால் போதும்.

அடுத்தது சலித்தெடுக்கும் வேலை. விதைநெல்லை உப்புக் கரைசலில் கொட்டினால் பதர் மேலே மிதக்கும், மணி பிடித்தது அடியில் தங்கும். முட்டையைப் போட்டு, அது மிதக்கிற அளவுக்கு உப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் நெல்லைக் கொட்டுவார்கள். நமக்கு உப்புக் கரைசல் இதுதான்: ஒவ்வொரு படத்துக்கு நேரேயும் பாட்டு இல்லாத ஒரு காட்சியை இரண்டு வரியில் எழுதுங்கள். யார், எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார். வசனம் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை. எழுத முடியாத படத்தைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

பாட்டை ஏன் விலக்குகிறோம் என்றால், வானொலியில் உட்கார்ந்து கொண்டே சொல்கிறேன், பாட்டு படத்தை விட்டுப் பிரிந்து தனியே வாழ்கிறது. இருபது வருடமாகப் பாட்டை மட்டும் கேட்டுக் கேட்டு, படமும் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருப்போம். புள்ளி வைத்த படங்களில் பலவும் இந்தக் கட்டத்தில் மிதந்துவிடும். அவற்றைப் 'பிடித்த பாடல்கள்' என்று நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நகைச்சுவைத் துணுக்குகளும் இதே வேலையைச் செய்யும். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் டி. எஸ். பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்காகவே படத்துக்கு இடம் கொடுப்பவர்கள் உண்டு. அந்தத் துணுக்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிப் படத்தைப் பாருங்கள். பணக்கார மாப்பிள்ளையின் தகப்பனாராக வேஷம் போட்டு வந்த முத்துராமனும், அவரிடம் குழையும் பாலையாவும், சிக்கல் ஒவ்வொரு முடிச்சாக இறுகுவதும் அப்படியே நிற்கின்றன. அது துணுக்கு இல்லாமலும் தேறும் படம். எல்லாப் படமும் அப்படித் தேறாது.

சலித்த பிறகு இருபது படம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். இருபதையும் மறுபடி பார்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்றால் பத்து வாரம். குறுவை நட்டு அறுப்பதற்குள் முடிந்துவிடும். எழுத்து போடுவதிலிருந்து வணக்கம் வரை, ஒரே அமர்வில், நடுவில் ஒரே ஒரு இடைவேளை. தொலைக்காட்சியில் ஓடும்போது பார்ப்பது கணக்கில் சேராது. விளம்பரத்துக்காகக் காட்சிகளைக் கத்தரித்திருப்பார்கள், அகலத்திரைப் படமாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் வெட்டியிருப்பார்கள். ஓரத்தில் நிற்கிற ஆள் காணாமல் போனால் காட்சியின் பொருளே மாறிவிடும்.

எந்தப் பிரதி என்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள். 1964-இல் வந்த கர்ணன் 2012-இல் டிஜிட்டலாக மெருகேற்றித் திரும்ப வெளியானது. பழைய தேய்ந்த பிரதியில் பார்த்தவரும் அதில் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வேறு வேறு அனுபவத்தைப் பேசுவார்கள். நம்ம தஞ்சாவூர், நீடாமங்கலம் பக்கத்துக் கதையான மெய்யழகன் 2024 செப்டம்பரில் வந்தது. வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். முதல் நாள் பார்த்தவர் 'இழுவை' என்று சொல்லி, பிறகு பார்த்தவர் 'இல்லவே இல்லை' என்று சொன்னால், இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் படத்தை எடுத்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர், நம்ம பேச்சு, நம்ம வாய்க்கால் என்றால் நாம் தாராளமாக மதிப்பெண் போட்டுவிடுவோம். 2010-இல் சற்குணம் எடுத்த களவாணியைப் பார்த்தபோது டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் அந்த மகிழ்ச்சி இருந்தது. சோதிக்க வழி உண்டு: அதே காட்சியைத் திருநெல்வேலியிலோ கொங்குப் பக்கமோ வைத்து மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். மெய்யழகனில் தன்மேல் உயிரையே வைத்திருக்கும் உறவுக்காரனின் பெயர் தெரியாமல், அதைக் கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு ஒருவன் ஒரு ராத்திரி முழுவதும் தவிக்கிறான். இந்தத் தவிப்பு எந்த மாவட்டத்திலும் நிற்கும். அதனால்தான் அதற்கு என் வரிசையில் இடம்.

இப்போது வரிசைப்படுத்தல். இருபது படத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டால் 190 ஒப்பீடு. பாதியில் அலுத்துப்போய்க் கண்டபடி எழுதுவோம். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஒரு படத்தை எழுதுங்கள். இரண்டாவதை அதற்கு மேலா கீழா என்று வையுங்கள். அதிலிருந்து வரும் ஒவ்வொரு புதுப் படத்தையும் வரிசையின் நடுவில் இருக்கும் படத்தோடு முதலில் ஒப்பிடுங்கள். மேல் என்றால் மேல்பாதியின் நடுப்படத்தோடு, கீழ் என்றால் கீழ்ப்பாதியின் நடுப்படத்தோடு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் இருபதாவது படத்துக்குக்கூட ஐந்து ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும். மொத்தம் 69-ஐத் தாண்டாது. இரண்டு சாயங்கால வேலை.

ஒப்பிடும்போது கேட்கும் கேள்வி முக்கியம். "இன்றைக்கு ராத்திரி எதைப் பார்ப்பேன்?" என்று கேட்டால் உடம்பு அசதிக்கு ஏற்றபடி பதில் வரும். "இந்த இரண்டில் ஒன்றை இனி யாருமே பார்க்க முடியாது என்றால், எதை இழக்க மனம் வராது?" என்று கேளுங்கள். எல்லா ஒப்பீட்டுக்கும் இதே கேள்விதான். நடுவில் மாற்றினால் சுழல் விழும்: ஒன்று இரண்டை ஜெயிக்கும், இரண்டு மூன்றை ஜெயிக்கும், மூன்று வந்து ஒன்றை ஜெயிக்கும். சுழல் விழுந்தால் பதற வேண்டாம். ஓரிடத்தில் நடிப்பை வைத்தும், ஓரிடத்தில் கதையை வைத்தும், மற்றதில் சின்ன வயது நினைவை வைத்தும் தீர்ப்புச் சொல்லியிருப்போம். அந்த மூன்றையும் ஒரு மாதம் தள்ளிப்போட்டு மறுபடி பாருங்கள்.

என் வரிசையில் கடினமான ஒப்பீடு மகேந்திரனின் இரண்டு படங்களுக்குள்தான். 1978-இன் முள்ளும் மலரும், 1979-இன் உதிரிப்பூக்கள். முதலாவதின் முடிவில் தங்கை வள்ளி இன்ஜினீயரைக் கட்டிக்கொள்ள ஊரோடு நடந்து போகிறாள். கையை இழந்த அண்ணன் காளி எதிரே நிற்கிறான். எல்லோரையும் விட்டுவிட்டு அவள் ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். காளிக்கு அது போதும். கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான், ஆனால் அந்த இன்ஜினீயரை இப்போதும் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் சம்மதிக்கிறான். வேறு படமாக இருந்தால் அண்ணன் திருந்தி, மைத்துனனைத் தழுவியிருப்பான். காளி திருந்தவில்லை, ஜெயித்தும் தோற்றும் அதே காளியாக நிற்கிறான்.

உதிரிப்பூக்களில், எல்லோரையும் வதைத்த சுந்தரவடிவேலுவை ஊரே ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, நீயே சாவைத் தேடிக்கொள் என்கிறது. அவன் கெஞ்சவில்லை. இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களை எல்லாம் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்கிறான். கரையில் இரண்டு குழந்தைகள். அதுவரை அவன் தொலைய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கே பார்ப்பது என்று தெரியாது. காளியை நான் கரையில் நின்று பார்க்கிறேன். இந்த ஆற்றில் நானும் அந்த ஊர்க் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கிறேன். அந்த வித்தியாசத்தால் உதிரிப்பூக்கள் முதலிடம், முள்ளும் மலரும் மூன்றாமிடம்.

நடுவில் இரண்டாமிடத்தில் 1968-இன் தில்லானா மோகனாம்பாள். நாயனத்தையும் தவிலையும் கோயிலில், கல்யாணத்தில், திருவிழாவில் கேட்டு வளர்ந்த நம் சீமையில் இந்தப் படத்துக்குக் கிடைக்கும் பார்வையாளர் வேறெங்கும் கிடைக்கமாட்டார். நாயன ஒலி மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி வாசிப்பதில்லை, வாசிப்பவராக இருக்கிறார். ஒலியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். விரல் ஒவ்வொரு ஸ்வரத்திலும் துல்லியமாக விழுகிறதா என்பதைவிட மூச்சைக் கவனியுங்கள். நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை உதட்டில் பொருத்தும்போது வரும் கவனம், கன்னத்தின் இறுக்கம், எடுத்த பிறகு தோளில் தெரியும் தளர்வு. பிறகு ஒலியைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டையும் தனித்தனியே சோதித்தும் நிற்கிற இசைப் படம் அபூர்வம். முத்துராக்கு என்ற தவில்காரராக வரும் பாலையா தவிலைத் தோளில் போட்டு நிற்கும் நிலையே ஒரு தனிப் பாடம்.

நாலாவது 1954-இல் வந்த 'அந்த நாள்' படம். வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. கொலையுண்டவன் ஒரு ரேடியோ இன்ஜினீயர். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவன் வேறு ஆளாகத் தெரிவான். பார்க்காதவர்கள் இருப்பீர்கள், கொலைகாரர் யார் என்று சொல்லமாட்டேன். ஐந்தாவது, பாலு மகேந்திராவின் 1988 படமான 'வீடு'. வீடு கட்டியவர்கள் சிமென்ட் காட்சிகளில் பல்லைக் கடிப்பார்கள். ஆறாவது காதலிக்க நேரமில்லை, ஏழாவது நாயகன், எட்டாவது காக்கா முட்டை, ஒன்பதாவது மெய்யழகன்.

எட்டுப் பேர் கூடிப் பொதுப் பட்டியல் போடுவதானால் ஒரு எச்சரிக்கை. முதலிடத்துக்கு 10, கடைசிக்கு 1 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவதுதான் வழக்கம். மூன்று பேர் உயிராக நினைத்து முதலிடம் கொடுத்த படத்துக்கு 30 வரும். எட்டுப் பேரும் 'பரவாயில்லை' என்று ஐந்தாமிடத்தில் வைத்த படத்துக்கு ஆளுக்கு 6 வீதம் 48 வரும். யாருக்கும் உயிரில்லாத படம் தலையில் போய் உட்காரும். லண்டனிலிருந்து வரும் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், ஒருவர் தரும் பத்துப் படத்தில் ஒவ்வொன்றுக்கும் சமமாக ஒரு ஓட்டுதான். அதிலும் ஆழமான பிரியம் தெரியாது. எனவே கூட்டலோடு நிறுத்தாமல், ஒவ்வொருவரின் முதலிடத்தையும் தனி வரியில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும். பேசும்போது ஒரே விதி: நடிகர் பெயரைச் சொல்லாமல் காட்சியைச் சொல்ல வேண்டும். "எங்க தலைவர் படம்" என்ற வாதம் அதோடு ஓய்ந்து, படத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கும்.

ஒன்பது படம்தான் சொன்னேன் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பத்தாவது இடத்தைப் பென்சிலால் எழுதுங்கள், பக்கத்தில் தேதி போடுங்கள். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை அதை அழித்து எழுதலாம். புதிதாக வந்த படம் எதுவானாலும் நேரே மேலே ஏறக்கூடாது, ஒரு வருடம் அந்தப் பத்தாவது இடத்தில் காத்திருந்து, மறுபடி ஒருமுறை முழுதாகப் பார்த்த பிறகே ஒன்பதாவதோடு மோத வேண்டும். என் நோட்டில் அந்த இடம் இப்போதைக்குக் காலி.

வணக்கம்.