மறதிக் குளிசை தொடங்கிய வீட்டில் கவனிக்க வேண்டியவை

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும் நேயர்களே.

மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அக்கரைப்பற்று வயல் வட்டைகளிலும் பூச்சிமருந்து நஞ்சேறியவரைக் கண்டவர்களுக்கு அந்தக் குறிகள் தெரியும். வாயூறும், வியர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், நாடி இறங்கும். ஓர்கனோபொஸ்பேட் நஞ்சு அசிற்றைல்கோலினெஸ்ரேஸ் என்ற நொதியை முடக்குவதால் வருவது அது. அல்சைமர் மறதிக்குத் தரும் டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்ரமின் மூன்றும் அதே நொதியைத்தான் தடுக்கின்றன; ஆனால் அளவாக, நிறுத்தினால் நொதி மீளும் விதமாக. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிற்றைல்கோலின் சற்றுக் கூடுதலாக நிற்கும். நினைவும் கவனமும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான், நோய் நிற்காது. இதை முதலிலேயே வீட்டாருக்கு விளக்காததால்தான் பலர் ஒரு மாதத்தில் குளிசையை விட்டுவிடுகிறார்கள். குளிசை எடுப்பவர் மருந்தடிக்கும் வயல் பக்கம் போகவே வேண்டாம்.

டொனெபெசில் வழமையாக இரவில் 5 மில்லிகிராமில் தொடங்கும். 4 முதல் 6 கிழமை கழித்தே 10. அவசரப்பட்டு ஏற்றினால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும், உடம்பு மெலியும். பயங்கரக் கனவு வந்தால் காலையில் கொடுக்கலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். ரிவாஸ்டிக்மின் கப்சியூல் சாப்பாட்டோடு. 3 நாளுக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, கடுஞ்சத்தி எடுக்கும். குறைந்த அளவிலிருந்தே ஏற வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையென்றால், புதியதை ஒட்டமுன் பழையதை உரியுங்கள். உம்மாவின் முதுகில் நேற்றையதும் இன்றையதும் சேர்ந்து இருந்தால் அது இரட்டை மருந்து.

நாடியைப் பாருங்கள். மணிக்கட்டில், பெருவிரல் பக்கம், இரண்டு விரல் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50க்குக் கீழே போனாலோ, மயங்கி விழுந்தாலோ, அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரிடம் போக வேண்டும். பிரஷருக்குத் தரும் அட்டெனோலோலும் நாடியை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் விழுந்து இடுப்பு முறியும் ஆபத்து உண்டு.

அல்சைமரில் மூளையில் படியும் அமிலொயிட் புரதம் உருவாக உதவும் பீற்றா சிக்கிரிற்றேஸ் என்ற வேறொரு நொதியைத் தடுத்து, நோயையே மறிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வெருபெசெஸ்டட் மருந்தின் பரிசோதனை 2018இல் கைவிடப்பட்டது. எடுத்தவர்களின் நினைவு மேலும் குறைந்ததுதான் மிச்சம்.

தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், நித்திரைக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இரண்டும் அசிற்றைல்கோலினின் வேலையை மறிப்பவை. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிக்கிற கதை. வைத்தியர் தைரொயிட்டையும் பி12 விற்றமினையும் பார்த்தாரா என்றும் கேளுங்கள். அவை குறைந்தாலும் மறதி வரும், அது திருத்தக்கூடியது. கிளினிக்குக்குப் போகும்போது மருந்துத் துண்டு மட்டும் போதாது, வீட்டிலுள்ள குளிசை, பாணி, பட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.