பறவை இப்போது என்ன நிலையில் இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. பறவை பார்க்கப் போய்விட்டு வந்தால் எல்லோரும் கேட்பது, எத்தனை வகை பார்த்தீர்கள் என்றுதான். நாமும் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி நோட்டை மூடிவிடுகிறோம். பார்த்த பறவை கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்ததா, குஞ்சுக்கு இரை சுமந்ததா, இல்லை சும்மா மேய்ந்துகொண்டிருந்ததா என்பதை எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அந்த ஒரு வரிதான் முக்கியம் என்பது என் கட்சி.

காரணம் இதுதான். ஐரோப்பா பக்கம் வசந்தம் வந்தால் பகல் மளமளவென்று நீளும், ஏறக்குறைய எல்லாப் பறவைகளும் சில மாதங்களுக்குள் குடும்ப வேலையை முடித்துவிடும். சென்னையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இங்கே நாள் குறிப்பது பெரும்பாலும் மழையும், மழையையொட்டி வரும் பூச்சியும் மீனும் பழமும். அதற்காக வெப்ப நாட்டுப் பறவைக்குப் பகல் நீளம் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. பனாமா காட்டு எறும்புப்பறவை ஒன்றை வைத்துச் செய்து 1998இல் வெளியான ஆய்வில், பகல் 17 நிமிடம் நீண்டதுமே அதன் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகத் தொடங்கியது. அட்லாண்டிக் நடுவில் உள்ள அசென்ஷன் தீவின் கரும்முதுகு ஆலா என்ற கடற்பறவைகளோ நம் ஆண்டுக் கணக்கையே மதிப்பதில்லை. ஏறக்குறைய 9.6 மாதத்துக்கு ஒருமுறை கூடி முட்டையிடுகின்றன.

நம்மூருக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில் வேடந்தாங்கல் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் அங்கே கூடு கட்டுகின்றன. ஆனைமலையில் பெண் பெரிய இருவாச்சி தை, மாசி வாக்கில்தான் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்கிறது, பெண்ணுக்கும் பிறகு குஞ்சுக்கும் பழம் கொண்டுவருவது ஆணின் பொறுப்பு. தூக்கணாங்குருவி மழை பெய்து புல்லும் நெற்பயிரும் நீண்டு வளர்ந்தபிறகுதான் நார் கிழிக்கவே ஆரம்பிக்கும். ஒரே மாநிலம், மூன்று காலண்டர். மழை ஒரு மாதம் தள்ளிப்போனால் இதில் எது எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை, அந்தந்த ஊரில் யாராவது வருடா வருடம் எழுதி வைத்திருந்தால்தான் சொல்ல முடியும்.

சரி, ஒரு பறவை இனப்பெருக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அந்தக் காலத்தில் சுட்டு, அறுத்துப் பார்த்தார்கள். பல சிறு பறவைகளில் ஆணின் விந்தகம் பருவம் முடிந்ததும் சுருங்கிப் போகும், அடுத்த பருவம் நெருங்க நெருங்க பல மடங்கு பெருக்கும், அந்த அளவைப் பாடம் செய்த பறவையின் காலில் கட்டும் சீட்டில் குறித்து வைத்தார்கள். இப்போது பறவையின் காலில் அடையாள வளையமிடும் ஆய்வாளர்கள் பறவையைப் பிடித்து வயிற்று இறகை மெல்ல ஊதி விலக்கிப் பார்க்கிறார்கள். அடைகாக்கிற பறவைக்கு அந்த இடத்தில் இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் கூடி, முட்டைக்குச் சூடு கொடுக்கிற வெறும் தோல் தெரியும். இது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் வேலை, நாம் யாரும் முயல வேண்டாம்.

நமக்கு ஒரு பைனாகுலர் போதும். கூடு கட்டும் காலம் வந்தால், வயலில் அழுக்குப் பழுப்பாக நிற்கிற மடையானுக்கு முதுகு கரும்சிவப்பாக மாறும். உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு ஏறும். சாம்பல் பூத்த நத்தைகுத்தி வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஏப்ரலில் கோடியக்கரையில் சில உள்ளான்கள் செங்கல் நிறத்தில் நிற்கும், அவை முட்டையிடப்போவதோ சைபீரியாவில்.

அதனால் நடத்தையைப் பாருங்கள். அலகில் புழுவை வைத்துக்கொண்டு தின்னாமல் ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால் அங்கே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். கூட்டிலிருந்து வெள்ளைப் பை போன்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் அது குஞ்சின் எச்சம், அசிங்கம் என்று நினைக்காதீர்கள், இதைவிட உறுதியான சாட்சி கிடைப்பது கஷ்டம். மீன்கொத்தியிடம் இன்னொரு நுட்பம் உண்டு. தான் விழுங்குவதாக இருந்தால் மீனின் தலை தன் தொண்டைப் பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொள்ளும். தலை வெளியே பார்த்தபடி கொண்டுபோனால் அது ஜோடிக்கோ குஞ்சுக்கோ. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு மீன்கொத்தியின் அலகையும் பார்க்காமல் விடமாட்டீர்கள்.

கூட்டைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லை. கிளையை விலக்கிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், நாம் நகர்ந்ததும் காகம் வந்து பார்க்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது சித்திரை. உங்கள் தெரு மரத்தில் காகம் கூடு கட்டிக்கொண்டிருக்கும், குயில் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். எந்தத் தேதியில் சுள்ளி சுமந்தது, எப்போது அடைக்கு உட்கார்ந்தது என்று எழுதுங்கள். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் இதற்கென்றே குறியீடுகள் இருக்கின்றன, இல்லாவிட்டால் சமையலறைக் காலண்டரே போதும். ஆனி, ஆடி வாக்கில் காகத்தின் பின்னாலேயே கத்திக்கொண்டு இரை கேட்கிற குயில் குஞ்சைப் பார்த்தால் அந்தத் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.